ராத்திரி 12 மணிக்கு மேல் ரம்மி ஆடுகிறவன் எல்லாம் அடிமையா? (2025ஆம் ஆண்டு இழை)

ஷிப்ட்காரன்:
வேறொரு இழையில் கணக்குவாத்தியார் என்ற பெரியவர் திருவாய் மலர்ந்திருக்கிறார். அப்படியே தருகிறேன்: "ரம்மி ஜாலியாக இருக்கும் வரை ஆடுங்கள். ராத்திரி 12 மணி தாண்டியும் போன் கையில் இருந்தால் அன்றோடு ஜாலி செத்தது. அதற்கப்புறம் ஆடுவது நீங்கள் இல்லை, வியாதி." இதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு.

நான் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். இரண்டாம் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ் பிடித்து, ரூமுக்கு வந்து குளித்தால் மணி ஒன்று. சாயங்காலம் 7 மணிக்கு நீங்கள் சீரியல் பார்த்தால் அது பொழுதுபோக்கு. ஒரு மணிக்கு நான் 13 சீட்டு பிடித்தால் வியாதியா? இந்த 12 மணியை யார் எழுதி வைத்தது?

கணக்குவாத்தியார்:
எழுதி வைத்தது தமிழ்நாடு அரசு. 2025 பிப்ரவரியில் ஆன்லைன் விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, காசு வைத்து ஆடும் ஆட்டத்துக்குள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நுழைய முடியாது. கம்பெனிகள் வழக்குப் போட்டுப் பார்த்தன. ஜூன் 3ஆம் தேதி விதி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தம்பிக்குச் செய்தித்தாள் படிக்கும் பழக்கம் இல்லை போலிருக்கிறது. ராத்திரியில் வேறு வேலை இருந்திருக்கும்.

ஷிப்ட்காரன்:
விதி வந்தது எனக்குத் தெரியாமலா இருக்கும்? அது வந்ததிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன், எப்போது 5 மணி ஆகும் என்று. விதி இருக்கிறதா இல்லையா என்பது கேள்வி இல்லை. 12 மணிக்கும் வியாதிக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் கேள்வி. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொன்னது. 2023 நவம்பரில் இதே உயர் நீதிமன்றமும் சொன்னது. 11.59 வரை திறமை, 12.01க்கு வியாதியா?

சீட்டுக்கட்டு மணி:
தம்பி, நான் கிளப்பில் பல வருஷம் ஆடியவன். மணியைப் பார்க்காதே, கையைப் பார். கை மோசமாக வந்தால் நல்ல ஆட்டக்காரன் முதல் சுற்றிலேயே டிராப் பண்ணிவிடுவான், அதாவது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிவிடுவான். 20 பாயிண்ட் போகும், அவ்வளவுதான். நடுவில் விட்டால் 40. ஜாலி போனவனுக்கு அந்த 20ஐ விட மனசு வராது. ப்யூர் சீக்வென்ஸுக்கே (ஜோக்கர் இல்லாமல் ஒரே இனத்தில் வரிசையாக வரும் சீட்டுகள்) வழியில்லாத கையை வைத்துக்கொண்டு, "அடுத்த சீட்டு வந்துவிடும்" என்று உட்கார்ந்து முழு 80ஐயும் வாங்கிக்கொண்டு எழுந்திருப்பான். எழுந்து எங்கே போவான், அடுத்த டேபிளுக்குத்தான். அதுவும் பாயிண்டுக்கு இரண்டு மடங்கு காசு டேபிள். பகல் 11 மணிக்கே இப்படி ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் வாத்தியார் சொன்ன 12 மணியும் தப்பு, நீ பேசுகிற திறமையும் தப்பு.

ஷிப்ட்காரன்:
பார்த்தீர்களா, மணி அண்ணனே 12 மணி தப்பு என்று சொல்லிவிட்டார்.

சீட்டுக்கட்டு மணி:
நான் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறாயே.

கணக்குவாத்தியார்:
கிளப்பில் காலம் தள்ளியவர் இப்போது மருத்துவராகவும் ஆகிவிட்டார். ஏலச்சீட்டு இழையில் பொருளாதார நிபுணராக இருந்தார். வாழ்த்துகள்.

சீட்டுக்கட்டு மணி:
ஏலச்சீட்டு இழையைத் திறக்காதீர்கள் வாத்தியாரே. தள்ளு (ஏலம் எடுத்தவர் விட்டுக்கொடுப்பது) போன தொகையில் கமிஷனைக் கழிக்காமல் கணக்குப் போட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தென்காசி நர்ஸ்:
கடிகாரத்தை விடுங்கள். மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் சூதாட்டத்தை அடிமைப் பழக்கங்களின் வரிசையில் சேர்த்து, 9 அறிகுறிகள் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்குள் நான்கு இருந்தால் கவனிக்க வேண்டும். விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பிப் போவது, அதே கிளுகிளுப்புக்காகப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவது, நிறுத்தினால் எரிச்சல், வீட்டில் பொய், கடைசியில் யாராவது வந்து கடனை அடைக்க வேண்டும் என்ற நிலை. இதெல்லாம் அதில் உண்டு.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: நகையை அடகு வைத்துக் கடனை மொத்தமாக அடைத்துவிட்டு "இனிமேல் ஆடாதே" என்று சத்தியம் வாங்குவது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. கடன் போனதும் கை மறுபடி லேசாகிவிடும். சம்பளக் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும், லோன் செயலிகளை அழியுங்கள். 14416க்கு அழைத்தால் டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

ஷிப்ட்காரன்:
நன்றி அக்கா. 9 அறிகுறி சொன்னீர்கள். அதில் 12 மணி எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. வாத்தியார் கவனிக்கவும்.

தென்காசி நர்ஸ்:
மணி இல்லைதான். நிறுத்தினால் எரிச்சல் என்பது இருக்கிறது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு 5 மணிக்குக் காத்திருப்பதாக எழுதியது யார்?

ஷிப்ட்காரன்:
அது தூக்கம் வராத பிரச்சினை. ஷிப்ட் வேலை பார்க்கிற எல்லோருக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிற உங்களுக்கும் இருக்கும், அதற்காக உங்களை நான் வியாதி என்றேனா?

வாளையார் பக்கம்:
எல்லோரும் விதியைப் பேசுகிறீர்கள். செயலியில் கட்டுகிற காசில் 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2023 அக்டோபரிலிருந்து. ஜெயித்தால் நிகர லாபத்தில் 30 சதவீதம் பிடித்தம். இவ்வளவும் வாங்கிக்கொண்டு "இது அடிமையாக்கும்" என்று செயலியிலேயே எச்சரிக்கைப் பலகையும் வைக்கிறார்கள். இங்கே 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். என்ன ஆயிற்று? எங்கள் ஊர்க்காரர்கள் பஸ் ஏறி பாலக்காட்டில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கேரளாவில் அரசே 1967லிருந்து நடத்துகிறது.

கணக்குவாத்தியார்:
லாட்டரியில் எத்தனை குடும்பம் அழிந்தது என்று 2003க்கு முன்னால் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். கேரளாவை இங்கே இழுக்க வேண்டாம்.

வாளையார் பக்கம்:
நீங்கள் அரசாங்க விதியை இழுக்கலாம், நான் கேரளாவை இழுக்கக்கூடாதா? கிண்டியில் குதிரைப் பந்தயம் திறமை என்று 1996இல் தீர்ப்பு வந்ததே, அதையும் இழுக்கக்கூடாதோ?

ஷிப்ட்காரன்:
குதிரை, லாட்டரி எல்லாம் அப்புறம். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஓடி ஆடி உழைத்த ஓவர்டைம் காசு, என் காசு. போன மாதம் போனதை இந்த மாதம் கிட்டத்தட்ட எடுத்துவிட்டேன். எடுத்தது எல்லாம் காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் ஆடி. ஆக நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சீட்டுக்கட்டு மணி:
அந்தக் "கிட்டத்தட்ட" எவ்வளவு தம்பி?

ஷிப்ட்காரன்:
கணக்குக் கேட்க நீங்கள் என்ன வருமான வரி ஆபீஸா?

சீட்டுக்கட்டு மணி:
சரி, எடுத்ததை வங்கிக்கு மாற்றிவிட்டாயா, செயலியிலேயே கிடக்கிறதா? அதை மட்டும் சொல்.

ஷிப்ட்காரன்:
தலைப்பைப் படியுங்கள் அண்ணே. தலைப்பு 12 மணி.

கணக்குவாத்தியார்:
பதில் சொல்ல முடியாதவர்கள் தலைப்பைக் காட்டுவார்கள். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு நேரம் ஆடினாய், எவ்வளவு செலவு என்று திரையில் எச்சரிக்கை வருகிறதே, அதை எத்தனை தடவை தள்ளிவிட்டிருப்பீர்கள்?

ஷிப்ட்காரன்:
எச்சரிக்கை வருவது பகலிலும்தான். 12 மணி என்று நீங்கள் எழுதியதற்கு ஆதாரம் கொடுங்கள், நானே இழையை மூடச் சொல்கிறேன். உங்களால் முடியாது. ஓய்வுபெற்று வீட்டில் 9 மணிக்குப் படுக்கிறவருக்கு 12 மணி என்றால் பேய் நேரம். ராத்திரி வரை மெஷின் ஓட்டுகிறவனைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி?

கணக்குவாத்தியார்:
என் தகுதியைப் பேசுகிறவர் முதலில் தன் பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்க்கட்டும்.

தென்காசி நர்ஸ்:
நான் கொடுத்த எண்ணை யாராவது குறித்துக்கொண்டீர்களா?

ஷிப்ட்காரன்:
குறித்துக்கொண்டேன் அக்கா. 24 மணி நேரமும் எடுப்பார்களாமே. பாருங்கள், அவர்களுக்கே ராத்திரி 12 மணி வேலை நேரம்தான்.

வாளையார் பக்கம்: (2025 ஆகஸ்ட் கடைசியில்)
பழைய இழையைத் தூசி தட்டுகிறேன், மன்னிக்கவும். மத்திய அரசின் புதிய சட்டத்துக்கு 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதற்குமே இனி இடமில்லை, திறமையோ அதிர்ஷ்டமோ. ரம்மி செயலிகள் காசு டேபிளை நிறுத்திவிட்டன. இனி இந்த இழைக்கு என்ன வேலை?

ஷிப்ட்காரன்:
இப்போதுதான் வேலையே. டெல்லி சட்டம் நாள் முழுக்கத் தடை என்கிறது. 12 மணி என்று தனியாக எதுவும் சொல்லவில்லை. அப்படியானால் 12 மணிக் கதை பொய் என்றுதானே ஆகிறது?

கணக்குவாத்தியார்:
24 மணி நேரத்துக்குள் 12 மணியும் அடக்கம். இந்தச் சின்னக் கணக்குகூடவா வராது?

சீட்டுக்கட்டு மணி:
கணக்கு பற்றி நீங்கள் பேசலாமா வாத்தியாரே? ஏலச்சீட்டு இழையில் கமிஷனை ஏன் கழிக்கவில்லை என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் எங்கே?