லெபர்ட் கெக்கோ தொட்டிக்கு எந்த ஹீட்டரை நம்பி விட்டுவிட்டுப் போகலாம்?

பேஸ்மென்ட்வாசி:
வணக்கம். டொராண்டோவில் ஒரு பேஸ்மென்ட்டில் இருக்கிறோம். மகளுக்காக லெபர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி ஒன்று வாங்கியிருக்கிறோம், 40 கேலன் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி. பகலில் அறை 20 டிகிரி இருக்கும், ராத்திரி 17க்கு இறங்கிவிடுகிறது. இப்போதைக்குத் தொட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் மட்டும்தான், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. கடையில் ஒருவர் சிவப்பு பல்பு போடச் சொன்னார், இன்னொருவர் கரண்டில் சூடாகும் கல் வைக்கச் சொன்னார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகல் முழுக்க வீட்டில் ஆள் இருக்காது. தீப்பிடிக்குமோ, பல்லி வெந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது.

செதில்:
தெர்மோஸ்டாட் வாங்கும்வரை அந்த மேட்டை நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். கட்டுப்பாடு இல்லாத மேட் 50 டிகிரியைத் தாண்டும், மேலே மண் கனமாக இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடியே விரிசல் விடும். சூடாகும் கல் வேண்டவே வேண்டாம். அது ஒரு இடத்தில் மட்டும் கொதிக்கும், பல்லி நகராமல் அதன்மேலேயே படுத்து வயிற்றைப் பொசுக்கிக்கொள்ளும்.

எந்த ஹீட்டர் உசத்தி என்று பார்ப்பதைவிட, அது கெட்டால் என்ன ஆகும் என்று யோசித்து வாங்குங்கள். விலை குறைந்த ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. அதனால் பல்லியை வேறு பெட்டியில் விட்டுவிட்டு, ஒரு விடுமுறை நாளில், அறை நன்றாகச் சூடாக இருக்கும்போது, தெர்மோஸ்டாட் இல்லாமல் நீங்கள் வாங்கும் ஹீட் விளக்கைக் காலையிலிருந்து மாலைவரை முழு வேகத்தில் எரியவிட்டு, கீழே தரையின் சூட்டைத் தொடாமலே அளக்கும் டெம்பரேச்சர் கன் வைத்துப் பாருங்கள். 40ஐத் தாண்டினால் வாட் குறைவான பல்பு வாங்குங்கள், இல்லை உயரத்தில் தொங்கவிடுங்கள். தெர்மோஸ்டாட் செத்தாலும் பல்லி பிழைக்கிற அளவுக்குத்தான் ஹீட்டருக்குச் சக்தி இருக்க வேண்டும்.

கல்லிடுக்கு:
மேட் மட்டும் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 17 டிகிரி அறையில் மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்று குளிர்ந்தே கிடக்கும். இந்தப் பல்லியின் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலம். அங்கே பகலெல்லாம் வெயில் வாங்கிய பாறை, அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத தோசைக்கல் மாதிரி, பொழுது சாய்ந்த பின்னும் சூடு விடும். அதனால் ஒரு ஓரத்தில் தட்டையான ஸ்லேட் கல்லை வைத்து, பகலில் மேலேயிருந்து ஹாலஜன் பல்பு போடுங்கள். ராத்திரிக்கு வெளிச்சம் தராத டீப் ஹீட் ப்ரொஜெக்டரோ செராமிக் ஹீட்டரோ போதும். சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்குத் தெரியாது என்பது தவறு, அதனால் சிவப்பு பல்பு வேண்டாம்.

ஹாலஜனுக்குக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட், செராமிக்குக்கு விட்டுவிட்டுக் கரண்ட் கொடுக்கும் பல்ஸ் வகை. மாற்றிப் போட்டால் ஹாலஜன் மினுக்கிக்கொண்டே இருக்கும். செராமிக்கின் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போவதால் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். லெபர்ட் கெக்கோவின் விரலில் ஒட்டும் தன்மை இல்லை, கண்ணாடியில் ஏறி விளக்கைத் தொடாது. ஆனால் வீட்டில் பூனை இருந்தால், கதகதப்புக்காக மூடிமேல் வந்து உட்கார்ந்து விளக்கைத் தள்ளிவிடும்.

மஞ்சள்வால்:
இரண்டு பேரும் ப்ரோபைப் பற்றிச் சொல்லவில்லை. சூட்டை அளக்கும், தெர்மோஸ்டாட்டின் அந்தச் சின்ன ஒயர் நுனி சூடான கல்லிலிருந்து நழுவிக் குளிர்ந்த பக்கம் போய்விட்டால், இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். தொட்டிக்குள் டேப் ஒட்டாதீர்கள், பல்லி அதில் ஒட்டிக்கொண்டால் தோலோடு உரிந்து வரும். கல்லின்மேல் 32 முதல் 34, மறுபக்கம் 22 முதல் 25 இருக்கட்டும். பெட்டியில் சிஎஸ்ஏ அல்லது சியூஎல் என்ற மின்பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், முத்திரை இல்லாத மலிவுச் சாமான் ஆளில்லாத வீட்டுக்கு ஆகாது.

பேஸ்மென்ட்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஸ்லேட் கல், ஹாலஜன், டிம்மிங் தெர்மோஸ்டாட் இந்த வாரமே வாங்குகிறேன். அப்புறம் ஒன்று, கரண்ட் போனால்? 2013 டிசம்பர் பனிமழையில் இங்கே லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் கிடந்தனவே.

செதில்:
ஆரோக்கியமான, வால் தடித்த பல்லி என்றால் ஓரிரண்டு நாள் குளிரைத் தாங்கும். அதற்குத் தீனி மட்டும் போடாதீர்கள், உடம்பில் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே கெட்டுப்போகும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட தெர்மோகோல் பெட்டியில் துணி விரித்துப் பல்லியை விட்டு, சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள், ஆறினால் மாற்றுங்கள். கரண்ட் வந்து, தொட்டி பழையபடி சூடாகி ஒரு நாள் போன பிறகு பூச்சி கொடுக்கலாம்.