சின்ன வயசில் வாதம் மாதிரி வந்து முழுசாகச் சரியானவர்கள் இருக்கிறீர்களா?

என் மச்சினன் கதையோடு ஆரம்பிக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், முப்பது வயசுகூட ஆகவில்லை, பிரஷர் சுகர் எதுவும் கிடையாது. சளி விடவில்லை என்று மெடிக்கலில் மூக்கடைப்பு மாத்திரை வாங்கி, ஷிப்மெண்ட் நெருக்கடியில் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றும்போது "மண்டை பொளந்துருச்சு" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மெல்ல ஏறிய வலி இல்லை, எடுத்த எடுப்பிலேயே உச்சம். பக்கத்து கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அதே வாரத்தில் மறுபடி மறுபடி வந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் சட்டை போடுகிறான், இடது கைவிரல் பித்தானைப் பிடிக்காமல் துளையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, பேச்சும் குழறல்.

பெரியப்பா "காத்து அடிச்சிருச்சு, பாலக்காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போய் எண்ணெய் போடலாம்" என்றார். மாமியார் தொக்கம் எடுக்கச் சொன்னார். நல்லவேளை, என் வீட்டுக்காரி யாரையும் கேட்காமல் 108-க்குப் போன் போட்டுவிட்டாள். மூளை ரத்தக்குழாயில் நிஜ அடைப்பாக இருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாக வேண்டும், இது எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கோவையில் எடுத்த சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. ஆஞ்சியோ பார்த்தபோதுதான் மூளை ரத்தக்குழாய்கள் பாசிமணி கோர்த்த மாதிரி அங்கங்கே சுருங்கியிருந்தது தெரிந்தது. ஆர்.சி.வி.எஸ். என்றார்கள், மூளை ரத்தக்குழாய்கள் தற்காலிகமாக இறுகிக்கொள்வது. இறுகிய குழாய் பெரும்பாலும் மூணு மாசத்துக்குள் விட்டுவிடுமாம். சளி மாத்திரையை நிறுத்தி ரத்தக்குழாயைத் தளர்த்தும் நிமோடிபின் மருந்து கொடுத்தார்கள். கை வந்துவிட்டது, பிறகு எடுத்த ஸ்கேனும் சுத்தம். அதுக்காக அசால்ட்டா இருக்க முடியாதுங்க, இறுகியிருக்கும்போதே நிஜமாக அடைப்போ கசிவோ ஆனவர்களும் உண்டு.

கோபியிலிருந்து:
எங்க சித்தி மகளுக்குப் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம். தலைவலி, அப்புறம் "குழந்தை முகம் தெரியலக்கா" என்றாள், கொஞ்ச நேரத்தில் ஃபிட்ஸ். பி.பி. எகிறிக் கிடந்தது. பிரெஸ் என்று சொன்னார்கள், மூளையின் பின்பக்கம் நீர் கோர்த்து வீங்குவது, பார்வைக்கான இடமும் அங்கேதானாம். மெக்னீசியம் ஊசியும் பிரஷர் மருந்தும் கொடுத்து, சில நாளில் பார்வை திரும்பியது. பிள்ளை பெற்றவள் தலை வலிக்குது என்றால் "பச்சை உடம்பு, காத்துப் பட்டிருச்சு" என்று காதில் பஞ்சை வைத்து உட்கார வைக்கிற பழக்கத்தை நம்ம ஊரில் யார்தான் நிறுத்துவார்களோ.

பொள்ளாச்சியிலிருந்து:
எனக்கே உண்டு, ஹெமிப்ளெஜிக் மைக்ரேன், அதாவது வாதம் மாதிரி ஒரு பக்கம் தளர்ந்துபோகிற ஒற்றைத் தலைவலி. கண்ணில் நெளிநெளியாக வெளிச்சம், விரலில் மரமரப்பு, அது மெல்ல முழங்கை வரை ஏறி கை தொங்கிவிடும், தலைவலி அதுக்கப்புறம்தான். அம்மாவுக்கும் இருந்தது. ஸ்ட்ரோக் பெரும்பாலும் சட்டென்று அடிக்கும், இது படிப்படியாக ஏறும் என்று நியூரோ டாக்டர் சொன்னார், இருந்தாலும் முதல் தடவை எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விடவில்லை. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் இப்பவும் நேராக காஷுவாலிட்டிதான். அது சரி, அந்த மூக்கடைப்பு மாத்திரை எதுங்க? எங்க வீட்டில் எல்லாருக்கும் சளி.

மச்சினன் கதை எழுதிய நான்தான் பதில் சொல்கிறேன்:
கம்பெனிப் பேர் வேண்டாங்க. அட்டையின் பின்பக்கம் பினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் என்று இருக்கிறதா பாருங்க. போட்டவங்க எல்லாருக்கும் வராது, ரொம்ப அபூர்வம். மச்சினனுக்கு மட்டும் இனிமேல் தொடவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மைக்ரேனுக்குக் கொடுக்கிற டிரிப்டான் வகை மருந்தும் கூடாதாம். உங்க டாக்டர்கிட்ட நீங்களும் அதைக் கேட்டுக்கங்க.