கெட்டித் தரை, மேலே பொடிச் சரளை: வளைவில் முன்சக்கரம் வழுக்குகிறது, எந்த டயர் போடலாம்?

இட்டேரி_ஓட்டி:

வணக்கம். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) இட்டேரிகளிலும் (இரு வேலிகளுக்கு நடுவே போகும் மண் பாதை) கரட்டடித் தடங்களிலும் ஓட்டும் சைக்கிளுக்கு டயர் மாற்ற வேண்டும். மாசி பிறந்துவிட்டால் இங்கே தரை காரை போட்டது போல இறுகிவிடுகிறது. அதன்மேல் பட்டாணி அளவில் சரளையும் மாவுப் புழுதியும் கிடக்கும்.

வண்டி 29 இஞ்ச் ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதது), முன்னால் 100 மி.மீ. சஸ்பென்ஷன். என் எடை 72 கிலோ. வண்டியோடு வந்த 29 x 2.10 டயர், கம்பி பீடு (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு), உள்ளே ட்யூப். காற்று இரண்டிலும் 45 பி.எஸ்.ஐ.

சிக்கல் மூன்று. வளைவில் முன்சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வழுக்குகிறது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடிக்காமல் சுழல்கிறது. வாரத்துக்கு இரண்டு முள் பஞ்சர். கடையில் 2.4 அகலத்தில் உயரமான பட்டன் (டயர் மேலுள்ள ரப்பர் குமிழ்) வைத்த டயரை இரண்டு பக்கமும் போடச் சொல்கிறார்கள். செலவு ஏழெட்டாயிரத்துக்குள் இருக்க வேண்டும். அந்த டயர் சரியாக வருமா?

கரட்டுமிதி:

வாங்குவதற்கு முன் சில அளவுகள் வேண்டும் நண்பரே. ரிம்மின் ஓரத்தில் 622 x 19 அல்லது 622 x 25 என்ற மாதிரி ஒரு எண் அச்சிட்டிருக்கும். 622 என்பது 29 இஞ்ச் சக்கரத்துக்கான அளவு. அடுத்த எண்தான் ரிம்மின் உள் அகலம், அது என்ன? பின்சக்கரத்துக்கும் செயின் ஸ்டேக்கும் (சக்கரத்தின் இருபுறமும் போகும் ஃபிரேம் குழாய்) நடுவே இரண்டு பக்கமும் எத்தனை மி.மீ. இடைவெளி இருக்கிறது?

இன்னொன்று. வழுக்கும் வளைவில் இறங்கி, செருப்புக் குதிகாலால் தரையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சரளை ஒதுங்கியதும் வெறும் கெட்டித் தரை தெரிகிறதா, குதிகால் உள்ளே இறங்குகிறதா? டயரில் உள்ள பக்கப் பட்டன்களையும் பாருங்கள். புது டயரில் மெல்லிய ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, அது ஓரப் பட்டன்களில் இன்னும் அப்படியே இருக்கிறதா?

இட்டேரி_ஓட்டி:

ரிம்மில் 622 x 21 என்று இருக்கிறது. செயின் ஸ்டே பக்கம் இருபுறமும் 8 மி.மீ., முன் ஃபோர்க்கில் 12 மி.மீ. குதிகாலால் தேய்த்தால் சரளை அரை இஞ்ச் கூட இல்லை, அடியில் பாறை மாதிரி தரை. நடுப் பட்டன்கள் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. ஓரத்து முடி பாதி இன்னும் இருக்கிறது, ஆறு மாத டயர்.

கரட்டுமிதி:

அப்படியானால் பாதிச் சிக்கல் காற்றில் இருக்கிறது. 72 கிலோ எடைக்கு 2.10 டயரில் 45 பி.எஸ்.ஐ. ரொம்ப அதிகம். டயர் கல்லுப் போல நிற்கும். சரளைக் கல் ஒன்றின் மேல் ஏறும்போது அந்தக் கல்லை ரப்பருக்குள் வாங்கிக்கொள்ளாமல், அதன் மேலேயே நின்று உருளும். கெட்டித் தரையில் கோலிக்குண்டு பரப்பி அதன்மேல் பலகை வைத்தது போலத்தான். மேட்டில் பின்சக்கரம் சுழல்வதற்கும் இதுவே பெரிய காரணம்.

ட்யூப் உள்ள இதே டயரில் முன்னால் 28, பின்னால் 31 வைத்துத் தொடங்குங்கள். பம்பில் உள்ள முள் காட்டி 30க்குக் கீழே நம்பும்படி இருக்காது. சிறிய டிஜிட்டல் அளவி ஒன்று வாங்கிவிடுங்கள், டயர் செலவில் இதையும் சேர்த்தே கணக்கிடலாம். ஒரே வளைவு, ஒரே வேகம். நாலைந்து முறை போய்விட்டு 2 பி.எஸ்.ஐ. குறையுங்கள், மறுபடி போங்கள். ரிம் கல்லில் இடிக்கும் "டங்" சத்தம் கேட்டாலோ, வளைவில் டயர் நெளிந்து வண்டி தாமதமாகத் திரும்பினாலோ 2 ஏற்றி நிறுத்திக்கொள்ளுங்கள். ட்யூபில் அருகருகே இரண்டு கீறல் விழுந்தால் அது முள் வேலை இல்லை. காற்று குறைந்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியது.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். காலை ஆறு மணிக்கு 24 டிகிரியில் 28 வைத்த டயர், நடுப்பகலில் 45 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடிவிடும். காலையில் பிடித்த அதே வளைவு மதியம் வழுக்குகிறது என்றால், முதலில் அளவியை வைத்துப் பாருங்கள்.

காற்றைக் குறைத்தால் மிதிக்கக் கனமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். தார் ரோட்டில் அது கொஞ்சம் உண்மை. கரடுமுரடான மண்ணில் டயர் குதிப்பதில்தான் உங்கள் பலம் வீணாகிறது, அளவாகக் குறைத்த டயர் அங்கே வேகமாகவே உருளும்.

பட்டன்_பார்வை:

காற்று விஷயம் முழுக்கச் சரி. இனி டயர்.

கடையில் காட்டிய டயர் இந்தத் தரைக்கு ஆகாது. உயரமான, இடைவெளி விட்ட பட்டன் என்பது இளகிய மண்ணுக்கு. மண்ணுக்குள் குத்தி இறங்கி, பக்கவாட்டில் மண்ணை அணைத்துப் பிடிப்பது அதன் வேலை. உங்கள் தரையில் குத்த இடம் இல்லை. அதனால் வளைவில் பட்டனின் நுனி மட்டும் தரையில் ஒட்டிக்கொண்டு, அடிப்பகுதி மடிகிறது. மடிந்த பட்டன் ஒரு கட்டத்தில் சட்டென்று விடுபடும். ஓட்டுபவருக்கு அது முன்னறிவிப்பில்லாத வழுக்கலாகத் தெரியும். விளிம்பும் சீக்கிரம் உருண்டு தேயும். கெட்டித் தரையில் பிடிப்பு என்பது எத்தனை ரப்பர் தரையைத் தொடுகிறது என்பதுதான். தாழ்வான, நெருக்கமான நடுப் பட்டன்கள் வேண்டும்.

ஆனால் உங்களுக்கு மேலே ஒரு சரளைப் படிவு இருக்கிறதே, அதனால் முழு மொட்டை டயரும் கூடாது. நடுவில் தாழ்வு, ஓரத்தில் தனித்தனியாக நிற்கும் சதுரப் பட்டன். வளைவில் சரளையைத் தள்ளிவிட்டு அடித்தரையைத் தொடுவது அந்த ஓரப் பட்டன்கள்தான்.

முன்னும் பின்னும் ஒரே டயர் போட வேண்டியதில்லை. முன்சக்கரம் வழுக்கினால் விழுவீர்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆகவே பிடிப்பை முன்னால் வாங்குங்கள், வேகத்தைப் பின்னால் வாங்குங்கள். விட்டோரியாவில் முன்னால் பார்சோ, பின்னால் மெஸ்கால். ஷ்வால்பேயில் முன்னால் ரேசிங் ரே, பின்னால் ரேசிங் ரால்ஃப். அந்த ஜோடியை முன், பின் என்றே பிரித்துச் செய்திருக்கிறார்கள். மேக்ஸிஸில் முன்னால் ரீகான், பின்னால் ஐகான். கான்டினென்டலில் முன்னால் கிராஸ் கிங், பின்னால் ரேஸ் கிங். இதில் எந்த ஜோடி கையில் கிடைக்கிறதோ, அது போதும்.

அகலம் 2.25 வாங்குங்கள். 2.10 என்பது சுமார் 53 மி.மீ., 2.25 சுமார் 57 மி.மீ. பின்னால் பக்கத்துக்கு 2 மி.மீ. குறைந்து 6 மி.மீ. மிஞ்சும். அதற்குக் குறைந்தால் சரளை சிக்கி ஃபிரேமைச் சுரண்டும். கடைக்காரர் சொன்ன 2.4 பின்னால் இடிக்காவிட்டாலும், 21 மி.மீ. ரிம்மில் பல்பு மாதிரி உருண்டுகொள்ளும், குறைந்த காற்றில் நெளியும். அகலமான 2.4 டயர்களில் பல 30 மி.மீ. ரிம்மை மனத்தில் வைத்துச் செய்தவை.

கரட்டுமிதி:

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. இரண்டு பக்கமும் ஐகானோ மெஸ்காலோ போட்டாலும் இந்தத் தரைக்குக் குறையில்லை, மிதிக்கவும் இலகு. சரளை திரண்டு கிடக்கும் இறக்கங்கள் குறைவாக இருந்தால் அதையே சொல்வேன்.

பட்டன்_பார்வை:

அவர் கேட்டதே முன்சக்கர வழுக்கல் அண்ணா, அதனால்தான் முன்னால் ஒரு படி கூட்டினேன். தடம் பெரும்பாலும் சுத்தமான கெட்டித் தரை என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.

ஒரே பெயரில் நாலு விலையில் டயர் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். மடிக்கக்கூடிய பீடு, ட்யூப்லெஸ் ரெடி (ட்யூப் இல்லாமலும் ஓட்டலாம்) என்ற எழுத்து, பக்கச் சுவருக்குக் கூடுதல் காப்பு (மேக்ஸிஸில் எக்ஸோ என்று எழுதியிருக்கும்), இந்த மூன்றும் இருக்க வேண்டும். கம்பி பீடு மலிவுப் பதிப்பில் பட்டன் வடிவம் ஒன்றாக இருந்தாலும் ரப்பர் கெட்டி, துணி தடிமன், கல்லை வாங்கிக்கொள்ளாது. ரொம்ப மென்மையான ரப்பரும் தேவையில்லை. இந்தத் தரை உப்புத்தாள் மாதிரி, பின் டயரைச் சீக்கிரம் தின்றுவிடும். முன்னால் நடுத்தரம், பின்னால் கொஞ்சம் கெட்டி.

முள்வேலி:

டயர் கதை சரிங்க, வாரம் ரெண்டு பஞ்சருக்கு யாரும் பதில் சொல்லலையே. அந்தப் பக்கம் வேலி முழுக்க கிளுவை, உள்ளே வெள்வேலான், ஓரத்துல சீமைக்கருவேலம். வேலி கழிச்ச வாரத்துல இட்டேரி முழுக்க முள்ளுதான் கிடக்கும். நெருஞ்சி வேற. எந்த டயர் போட்டாலும் சீமைக்கருவேல முள் உள்ளே வரும், பட்டன் தடிமனை நம்பாதீங்க. ட்யூப் இல்லாம, டயருக்குள்ள ஊத்தி ஓட்டையை அடைக்கற சீலன்ட் திரவம் ஒண்ணுதான் வழி.

முதல்ல ரிம்மைப் பாருங்க. டயரையும் டேப்பையும் கழட்டினா, பீடு உட்கார்ற ரெண்டு ஓரமும் மேடாக, நடுவில் பள்ளமாக இருக்கணும். ரிம் ஸ்டிக்கர்ல ட்யூப்லெஸ்னு போட்டிருந்தா இன்னும் நல்லது. அந்த மேடு இல்லாத ரிம்முல ட்யூப்லெஸ் வேண்டாம், வளைவுல பீடு கழண்டா ஆபத்து. இப்ப இருக்கற கம்பி பீடு டயரிலயும் முயற்சி பண்ணாதீங்க.

ரிம் சரின்னா 25 மி.மீ. அகல ட்யூப்லெஸ் டேப். ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, நல்லா இழுத்துப் பிடிச்சு ஒட்டி, வால்வு ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் நீளம் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டணும். பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்கற தடித்த வால்வுன்னா ரிம் ஓட்டை 8.5 மி.மீ. இருக்கும், அதுக்கேத்த ட்யூப்லெஸ் வால்வே கேட்டு வாங்குங்க. மெல்லிசு ப்ரெஸ்டா வால்வைச் சொருகினா ஓரத்துல காத்து கசியும். டயர் போட்டு, பீடு முழுக்கச் சோப்புத் தண்ணி தடவி, வால்வு கோரை (வால்வுக்குள்ள இருக்கற ஊசி) கழட்டிட்டு ஒரே மூச்சா காத்து விடுங்க. "டப் டப்"னு ரெண்டு சத்தம் வந்தா உட்கார்ந்துருச்சு. டயர்லயும் ரிம்முலயும் எழுதியிருக்கற அதிகபட்ச அளவைத் தாண்டாதீங்க. பக்கச் சுவர்ல ஓடற மெல்லிய கோடு ரிம்முல இருந்து சுத்தி ஒரே தூரத்துல தெரியணும்.

சீலன்ட் சக்கரத்துக்கு 100 மி.லி. நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் காஞ்சுரும், அதனால ஆறு வாரத்துக்கு ஒருக்கா கோரைக் கழட்டி, ஒரு பிளாஸ்டிக் டை-யை உள்ளே விட்டுப் பாருங்க. ஈரம் ஒட்டலைன்னா 50 மி.லி. ஊத்துங்க. ட்யூப்லெஸ் ஆனதும் முன்னால 22, பின்னால 25 போதும்.

தடத்துல முள் குத்தினா உடனே பிடுங்காதீங்க. காத்து போகலைன்னா வீடு வரைக்கும் அப்படியே இருக்கட்டும். பிடுங்கினா அந்த ஓட்டை கீழே வர்ற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வையுங்க, சீலன்ட் அங்க தேங்கி அடைக்கும்.

இட்டேரி_ஓட்டி:

ரிம்மில் அந்த மேடு இல்லை, உள்ளே தட்டையாக இருக்கிறது. இப்போதைக்கு ட்யூபோடுதான் ஓட்ட வேண்டும். ஒட்டிய ட்யூப் அடுத்த நாளே அதே இடத்தில் போகிறது, அதற்கு என்ன செய்வது?

முள்வேலி:

முள் நுனி டயருக்குள்ளேயே முறிஞ்சு நிக்குதுங்க. டயர் மாட்டும்போது எப்பவும் டயர்ல இருக்கற பெயர் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுங்க. பஞ்சரான ட்யூபைக் காத்தடிச்சு, ஓட்டை வால்வுல இருந்து எத்தனை சாண்னு பார்த்தா, டயர்ல முள் நிக்கற இடம் தெரிஞ்சுரும். அங்க விரலால தடவாதீங்க, பஞ்சு உருண்டையால தடவுங்க. பஞ்சு சிக்கற இடத்துல முள். உள்ளே இருந்து ஊசியால வெளியே தள்ளிட்டு, அப்புறம் பேட்ச் போடுங்க. உங்க ட்யூப் வால்வுல கோர் கழட்ட வரும்னா, ட்யூபுக்கான சீலன்ட் ஊத்தலாம், சின்ன முள்ளுக்கு அது போதும்.

இட்டேரி_ஓட்டி:

28, 31ல் தொடங்கி இப்போது 26, 30ல் நிற்கிறது. அதே வளைவில் வழுக்கல் பெருமளவு குறைந்துவிட்டது, மேட்டிலும் பின்சக்கரம் பிடிக்கிறது. 24க்கு இறக்கியபோது ரிம் இடித்தது. பஞ்சு தடவியதில் ஒரே டயரில் மூன்று முள் நுனி கிடைத்தது. பார்சோவும் மெஸ்காலும் 2.25ல் சொல்லியிருக்கிறேன். பின் டயரில் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் மேட்டில் இன்னும் பிடிக்கும் என்கிறார்களே?

பட்டன்_பார்வை:

சில பழைய டயர்களில் பின்னால் திருப்பிப் போடும்படி அவர்களே அச்சிட்டிருப்பார்கள். பக்கச் சுவரில் பின்சக்கரத்துக்கென்று தனி அம்பு இல்லை என்றால், இருக்கும் அம்பின்படியே போடுங்கள். பட்டனின் சாய்வான முகம் முன்னால் வந்தால்தான் சரளையில் இலகுவாக உருளும், பிரேக் பிடிக்கும்போது செங்குத்தான முகம் தரையைத் தடுக்கும். மேட்டில் பிடிப்பு வேண்டுமானால் எழுந்து நிற்காமல் சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, ஒரு கியர் இலகுவாக வைத்து மிதியுங்கள். புது டயரின் அகலம் வேறு, ஆகவே காற்றை மறுபடி 28, 31ல் இருந்தே தொடங்குங்கள்.