மறு: நடுவர் ஷூ பராமரிப்பு: ‘லெதர் கண்டிஷனர்’ என்பதற்கு ‘நெய்ப்பூட்டி’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். நடுவர்களுக்கான ஷூ பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கும் வேலையில் ஆரம்பித்த பேச்சு, ஷூத் தோலில் தடவும் ‘கண்டிஷனர்’ என்பதற்கு என்ன தமிழ்ச்சொல் என்பதில் வந்து நின்றுவிட்டது. கூடைப்பந்து நடுவராகப் பதினேழு வருடம் ஆடுகளத்தில் ஓடியவன் நான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தைய இரவு ஷூவைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன். அதனால் இந்தச் சொல் எனக்கு அகராதி விஷயமாக மட்டும் படவில்லை.

> கண்டிஷனர் = பதப்படுத்தி. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

ஐயா, எல்லாருக்கும் புரியும், ஆனால் ஆளுக்கொன்றாகப் புரியும். தோலைப் பொறுத்தவரை பதனிடுதல், பதப்படுத்துதல் என்றால் பச்சைத்தோல் அழுகாமல் இருக்கச் செய்யும் வேலை. அது தொழிற்சாலையில் ஒரு முறை நடந்து முடிகிறது. உணவில் பதப்படுத்தல் என்றால் கெடாமல் எடுத்துவைப்பது. ஷூவுக்கு நாம் செய்வது இந்த இரண்டும் இல்லை.

புது நடுவர்களுக்கான ஒரு பயிற்சி முகாமில் ‘வாரம் ஒருமுறை ஷூவைப் பதப்படுத்தி வைக்கவும்’ என்று ஒரு குறிப்புத்தாள் கொடுத்தார்கள். அதைப் படித்த ஒருவர் தினமும் பாலிஷ் ஏற்றினார். இன்னொருவர் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். ஒரு தங்கை, வியர்வை ஈரம் காயாத ஷூவைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார். அடுத்த ஆட்டத்துக்கு எடுத்தால் உள்ளே வெள்ளைப் பூஞ்சை. மூன்று பேருமே சொன்னதைச் செய்தவர்கள்தான்; சொல்தான் அவர்களைத் தப்பான பக்கம் அனுப்பிவிட்டது.

சரி, கண்டிஷனர் என்னதான் செய்கிறது? தோல் என்பது கொலாஜன் இழைகள் பின்னிக் கிடக்கும் வலை. சுண்ணாம்பில் ஊறி, பதனிட்டு முடிப்பதற்குள் அதில் இயற்கையாக இருந்த கொழுப்பு பெரும்பாலும் போய்விடும். அப்படியே காயவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் விறைத்துப்போகும். அதனால்தான் பதனிட்ட பிறகு தொழிற்சாலையிலேயே எண்ணெயை உள்ளே ஏற்றுகிறார்கள். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்தால்தான் தோல் மடியும், நிமிரும். நாளாக ஆக, வியர்வையிலும் ஈரத்துணி துடைப்பிலும் வெயிலிலும் அந்த எண்ணெய் குறைகிறது. ஓட்டத்தில் விரல்கள் மடங்கும் இடத்தில் முதல் வெடிப்பு விழுகிறது. கண்டிஷனர் அந்த எண்ணெய்ப்பசையைத் திரும்பக் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

அந்த எண்ணெய்ப்பசைக்குத் தமிழில் ‘நெய்ப்பு’ என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. அதைக் கொண்டு ‘நெய்ப்பூட்டி’ என்று முன்மொழிந்த அம்மாவுக்கு என் முழு ஆதரவு. ‘ஊட்டி’ என்பதும் இங்கே பொருத்தம். ஊட்டுவது சிறு சிறு வாயாக. இதையும் அப்படித்தான் மெல்லிசாகத் தடவி, தோல் உறிஞ்சும்வரை பொறுத்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மொத்தமாக அப்பினால் தோல் தொளதொளத்து உருவம் போய்விடும். மேலே பூசும் மெழுகும் பிடிக்காது. இதனால்தான் ‘மென்மையாக்கி’ எனக்கு ஒப்பவில்லை. ஓடி நின்று சட்டென்று திரும்புகிறவருக்கு அளவு மீறி மென்மையான ஷூ கால் பிடிப்பைக் குறைக்கும்.

> நெய் என்று வந்தால் சமையலறை நெய்யை எடுத்துத் தடவிவிடுவார்களே?

நியாயமான பயம், இதைத் தள்ளிவிட முடியாது. எள் நெய்தான் எண்ணெய் ஆயிற்று. நெய் என்ற சொல் ஒரு காலத்தில் எல்லா எண்ணெய்க்கும் பொதுவாக இருந்தது. ஆனால் இன்று படிக்கிறவர் மனதில் அது இல்லை. சமையல் எண்ணெயும் நெய்யும் தோலுக்குள் போய்ச் சிக்கெடுத்து நாறும். ஆகவே கையேட்டில் சொல் முதலில் வரும் இடத்தில் ‘ஷூத் தோலுக்கென்றே விற்கும் நெய்ப்பூட்டி’ என்று முழுதாக எழுதிவிடலாம். அப்புறம் ‘நெய்ப்பூட்டி’ மட்டும் போதும்.

இன்னொரு சொல் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது: கண்ணாடிபோல் பளபளக்கும் ‘பேட்டன்ட் லெதர்’.

> பேட்டன்ட் லெதர் = காப்புரிமைத் தோல் / மெருகுத்தோல்

இரண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘காப்புரிமை’ அந்தப் பொருளின் வரலாற்றைச் சொல்கிறது, பொருளைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூவார்க் நகரில் சேத் பாய்டன் 1819இல் இதை வணிக அளவில் செய்ய ஆரம்பித்தபோது ஆளிவிதை எண்ணெய் சார்ந்த வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசினார்கள். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக் படலம். எதுவானாலும் தோலின் மேல் ஒரு மூடிய படலம் இருக்கிறது என்பதுதான் ஷூவைத் துடைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

‘மெருகுத்தோல்’ இன்னும் மோசமாக வழிமாற்றும். மெருகு என்றதும் கை பாலிஷ் டப்பாவைத் தேடும். என் முதல் பளபள ஷூவுக்கு நான் மெழுகு பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மங்கலாகி, கைரேகையும் தூசியும் அப்பிக்கொண்டு, மறுநாள் ஆடுகள விளக்கொளியில் பார்க்கவே வேதனையாக இருந்தது. மெழுகு உள்ளே போக வழியே இல்லை. மேலேயே பிசுபிசுத்து நின்றுவிட்டது. நெய்ப்பூட்டிக்கும் இதே கதிதான். இந்தத் தோலுக்கு ஈரம் பிழிந்த மென்துணியும், பிறகு உலர்ந்த துணியும் போதும்.

ஆகவே ‘பூச்சுத்தோல்’ என்று வைத்துக்கொள்வோம். பூச்சு ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்று சொல்லே எச்சரித்துவிடும். பூசாத தோலை ‘வெறுந்தோல்’ என்றால் எதிர்ச்சொல்லும் கிடைத்துவிடுகிறது. கூடைப்பந்து நடுவர்களில் பலர் கறுப்புப் பூச்சுத்தோல் ஷூ போடுகிறோம், கால்பந்து நடுவர்கள் அடியில் முளை வைத்த பூட்ஸ் போடுகிறார்கள், பேஸ்பால் நடுவர் விரலையும் புறங்காலையும் காக்கும் தகடு வைத்தது போடுகிறார். ஒரே கையேடு இவர்கள் எல்லாருக்கும் பயன்பட வேண்டுமென்றால் பூச்சுத்தோல், வெறுந்தோல் என்ற பிரிவு முதல் பக்கத்திலேயே வந்தாக வேண்டும்.

இப்போதுதான் கவனித்தேன், ‘முளை’ என்று நானே எழுதிவிட்டேன். ஸ்டட் என்பதற்கு ஒருவர் சொன்னது அது. நல்ல சொல், விவாதமே வேண்டாம்.

ஷூ ட்ரீ பற்றி இரண்டு கருத்து வந்திருந்தது. ‘காலணி மரம்’ சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, அதை விட்டுவிடலாம். ‘அச்சுக்கட்டை’ அழகான சொல்தான், ஆனால் அது ஷூவைத் தைக்கும்போது உருவம் கொடுக்கும் கட்டைக்கு வேண்டும். ஷூ ட்ரீ என்பது கழற்றிய ஷூவுக்குள் வைத்து உருவத்தைத் தாங்கும் கட்டை. ‘உருத்தாங்கி’ என்று பரிந்துரைக்கிறேன். வார்னிஷ் அடிக்காத தேவதாரு போன்ற மரத்தில் செய்ததென்றால் ஈரத்தையும் உறிஞ்சும். பிளாஸ்டிக் என்றால் உருவத்தை மட்டும் காக்கும்.

சொற்களைத் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுத்தால் சரியாக வராது, வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதனால் கையேட்டின் ஒரு பத்தியை இந்தச் சொற்களை வைத்தே திருப்பி எழுதிப் பார்த்தேன்:

“ஆட்டம் முடிந்ததும் லேஸை முழுதும் தளர்த்தி, உள்ளடியை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். ஷூ நனைந்திருந்தால் உள்ளே காகிதத்தை அடைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். ஹீட்டர் பக்கத்திலோ கடும் வெயிலிலோ வைத்தால் தோல் சுருங்கி விறைக்கும், அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். உள்ளே ஈரம் போனதும் உருத்தாங்கியை வையுங்கள். சேறு காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். முளைகளின் இடுக்கையும் பாருங்கள். வெறுந்தோலாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, நெய்ப்பூட்டியை மெல்லிசாகத் தடவுங்கள். தோல் அதை உறிஞ்சிய பிறகே மெழுகு பாலிஷ். பூச்சுத்தோலுக்கு நெய்ப்பூட்டியும் மெழுகும் வேண்டாம். அதன் வெளிப்பக்கம் அச்சடித்த காகிதத்திலோ வேறு நிற ஷூவிலோ படாமல் வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். படலத்தில் சாயம் ஏறிவிட்டால் எடுப்பது அரிது. முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.”

இன்சோலுக்கு ‘உள்ளடி’ என்று இதில் எழுதியிருக்கிறேன். ‘உள்தளம்’ என்று இரண்டு பேர் சொன்னார்கள். எனக்கு அது கட்டடச் சொல்லாகக் கேட்கிறது. சாயம் ஏறுவதற்குப் புதுச்சொல் தேவையில்லை, பேச்சில் இருப்பதே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஷூ வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள். எந்தச் சொல்லில் கை தயங்கி நிற்கிறதோ, அந்தச் சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடரலாம்.

அன்புடன்,
கூடைப்பந்து நடுவர் ஒருவர்