வண்டல்தொட்டியும் ஃபில்டரும் புரோகிராமில் ஒரே கிளாஸில் (class) அடங்குமா?

குடமுருட்டி:
திருவையாறு பக்கம் வாழைக்குச் சொட்டுநீர். வாய்க்கால் தண்ணீர், மணிக்கு 10 கன மீட்டர். முதலில் வண்டல்தொட்டி, அடுத்து 130 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) டிஸ்க் ஃபில்டர். இவற்றை இயக்கும் கன்ட்ரோலரின் புரோகிராம் கோடு (code) என் பொறுப்பு. இரண்டும் அழுக்கைப் பிரிக்கிறவைதானே என்று ஒரே கிளாஸ், 'எத்தனை மைக்ரான்' என்று ஒரே பாராமீட்டர் வைத்தேன். சிமுலேஷனில் ஃபில்டர் ஒழுங்காக வருகிறது, தொட்டி கன்னாபின்னா. எங்கே தப்பு?

மடைவாய்:
பாராமீட்டரிலேயே தப்பு. ஃபில்டர் பார்ப்பது துகளின் உருவத்தை, தொட்டி பார்ப்பது அது இறங்கும் வேகத்தை. ஸ்டோக்ஸ் விதிப்படி அந்த வேகம் விட்டத்தின் வர்க்கத்தையும், துகளுக்கும் தண்ணீருக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசத்தையும் பொறுத்தது. 30 டிகிரி தண்ணீரில் 20 மைக்ரான் வண்டல் ஒரு மீட்டர் இறங்க 37 நிமிஷம். 2 மைக்ரான் களிமண் துகளுக்கு இரண்டரை நாள்!

தொட்டிக்குக் கொடுக்க வேண்டியது ஓட்டத்தை மேற்பரப்பால் வகுத்த எண்; அதைவிட வேகமாக இறங்கும் துகள்தான் படியும். உங்கள் ஓட்டத்தில் 20 மைக்ரானைப் பிடிக்கக் கணக்குப்படி 6.2 சதுர மீட்டர் போதும். நிஜத்தில் சுழல் இருக்கும், 12 வையுங்கள். ஆழம் கூடினால் சேறு தேங்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் வரும் குழாயும் போகும் குழாயும் நேருக்கு நேர் இருந்தால் பாதித் தொட்டி சும்மா கிடக்கும். நடுவில் தடுப்பு வேண்டும்.

சருகு:
சருகு, ஆகாயத்தாமரைத் துணுக்கு எல்லாம் தண்ணீரைவிட லேசு. அதற்கு வேகம் மைனஸில் வரும். மைனஸைப் பூஜ்யமாக்கும் வரி கோடில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மிதப்பதெல்லாம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும், ஃபில்டர் அடைப்பது மட்டும் ஏன் என்று புரியாது. வெளிக்குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வையுங்கள்.

மோட்டார்கொட்டகை:
ஃபில்டரின் நிலையைச் சொல்வது முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம். சுத்தமாக இருக்கும்போது சுமார் 0.2 பார் (அழுத்த அலகு), 0.5 தொட்டால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது. மோட்டார் கிளம்பும்போது சென்சார் துள்ளும், முதல் 60 விநாடியை விட்டுவிடுங்கள். பிறகும் 10 விநாடி தொடர்ந்து 0.5-க்கு மேல் நின்றால்தான் வால்வைத் திறக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மூன்று பேக்வாஷ் ஆனால் நான்காவது வேண்டாம், அலாரம் அடியுங்கள். டிஸ்க்கில் பாசி ஒட்டியிருக்கும், கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

குடமுருட்டி:
நன்றி. கிளாஸைப் பிரித்துவிட்டேன். தொட்டியைப் பெரிதாக்கினால் ஃபில்டரை எடுத்துவிடலாமா?

மடைவாய்:
கூடாது. பாசியும் சருகும் தொட்டியில் படியாது. மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போது களிமண் துகள் தொட்டி, ஃபில்டர் இரண்டையும் தாண்டிப் போய் லேட்டரல் (வாழை வரிசையோடு ஓடும் சொட்டுநீர்க் குழாய்) கடைசியில் உட்காரும். குடத்துத் தண்ணீர் என்றால் கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டை இழைக்கலாம், 10 கன மீட்டருக்கு நடக்காது. அந்த நாட்களில் லேட்டரல் முனைகளைத் திறந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை விடுங்கள். அதற்கு சென்சார் கிடையாது, காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டால் போதும்.