ஹட்டனில் முன்கதவுக்கு எந்த மரம்?

கேள்வி: ஹட்டன் பக்கம் வீடு கட்டுகிறோம். முன்கதவுக்குத் தேக்கா, பலாவா? மழைக்காலத்தில் கதவு ஊதி நிலையில் இறுகிவிடுமோ என்று பயம்.

பதில்: தம்பி, நான் பண்டாரவளையில் கதவு செய்து விற்கிறேன். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மரத்தின் ஈரத்தை அளக்கும் கருவியான ஈரமானி 12 முதல் 15 சதவீதம் காட்டினால் எடுக்கலாம். மரம் அகலத்தில்தான் ஊதும், நீளத்தில் அவ்வளவாக இல்லை. அதனால் நடுப்பலகையைப் பசை போட்டு இறுக்கக் கூடாது, கதவுச் சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் அசைய இடம் வேண்டும். மேல், கீழ் விளிம்புகளுக்கும் வார்னிஷ் அவசியம். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு மனம் பொறுக்காது. வாங்க வருபவர்களுக்கு அந்த விளிம்பைத்தான் முதலில் காட்டுவேன்.

பதில்: எங்கள் நுவரெலியா வீட்டில் பலாக்கதவு. மஞ்சள் நிறம் போகப்போகக் கருஞ்சிவப்பாகிவிட்டது, அழகோ அழகு. வெளிறிய ஓரப்பலகை மட்டும் வேண்டாம், பூச்சி அரிக்கும்.

கேட்டவர்: சரி அண்ணே, பலாதான். மரம் விற்கும் மரக்காலைக்கு ஈரமானியோடு போகிறேன்.