அப்பாவுக்கு பிபி, சுகர் ரெண்டும் இருக்கு, இப்ப மறதியும் சேர்ந்துடுச்சு, சம்பந்தம் இருக்கா?

பெரம்பூர்வாசி:
அப்பாவுக்கு 68 வயசு, சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, பிபி மாத்திரையும் போடுறாரு. வீட்டு கணக்கு வழக்கெல்லாம் அவர்தான் பாப்பாரு, இப்ப கரண்ட் பில் கட்டவே திணர்றாரு, ஒரு வேலைய ஆரம்பிச்சு நடுவுல அப்படியே நின்னுடுறாரு. ஆனா ஐசிஎஃப் ரயில்பெட்டி ஃபேக்டரியில வேல பாத்த கதைய கேட்டா ஷாப்ல யார் யார் இருந்தாங்கன்னு பேரோட சொல்றாரு!! அம்மா "வயசானா அப்படித்தான்டா"ங்கிறாங்க. வயசா, இல்ல இந்த ரெண்டு வியாதியோட வேலையா?

நர்ஸ்_அக்கா:
சம்பந்தம் இருக்கு தம்பி. மூளை நம்ம எடையில 2 சதவீதம்தான், ஆனா ஆக்சிஜன்ல 20 சதவீதம் அதுக்கே போகுது, பிபியும் சுகரும் வருஷக்கணக்கா அங்க இருக்க பொடி ரத்தக்குழாய்ங்கள கெடுத்துட்டே வரும்போது பெரும்பாலும் முதல்ல அடிவாங்குறது கணக்கு, பிளான் பண்றது, யோசிக்கிற வேகம். பழைய ஞாபகம் நல்லாவே இருக்கலாம். அப்பாவுக்கும் இதேதான்னு நேர்ல பாக்காம சொல்ல மாட்டேன். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுறாரா? ரொம்ப வருஷம் போட்டா சிலருக்கு பி12 குறையும், அதுலயும் மறதி வரும். பி12, தைராய்டு ரெண்டும் பாத்துடுங்க, குறைச்சல் இருந்தா சரிபண்ணக்கூடியது.

மயிலை_மாமா:
ஒண்ணு சொல்றேன், மறதிக்கு பயந்து சுகர ஒரேடியா இறக்கப் பாக்காதீங்கோ. அக்கார்ட்னு ஒரு பெரிய ஆய்வுல மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சிய 6க்கு கீழ கொண்டுவரப் பாத்தா, ஞாபகத்துக்கு ஒரு லாபமும் தெரியல. பிபி கதை வேற. 2019ல வந்த ஸ்பிரிண்ட் மைண்ட்ங்கிற ஆய்வு ரிசல்ட்ல மேல் பிபிக்கு 140ன்னு இலக்கு வெச்சவாள விட 120க்கு கீழ வெச்சவாளுக்கு ஆரம்பகட்ட மறதிப் பிரச்சனை குறைச்சலா வந்தது. ஆனா அதுல சுகர்காராள சேர்க்கவே இல்ல, அதனால அப்பாவுக்கு எவ்வளவு இருக்கணும்னு டாக்டர்தான் சொல்லணும்.

பெரம்பூர்வாசி:
மெட்ஃபார்மின் கூட கிளிமிபிரைடுன்னு இன்னொரு சுகர் மாத்திரையும் போடுறாரு அக்கா. மதியம் சரியா சாப்பிடலன்னா சாயங்காலம் வேர்த்து கொட்டும், கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்வாரு, டிபன் காபி உள்ள போனதும் நார்மல் ஆயிடுவாரு.

நர்ஸ்_அக்கா:
இத முதல்லயே சொல்லக்கூடாதா! லோ சுகர் மாதிரி இருக்கு, கிளிமிபிரைடுக்கு அந்த ஆபத்து உண்டு, அடிக்கடி லோ ஆனா மூளைக்கும் நல்லதில்ல. அடுத்த தடவை அந்த நேரத்துல குளுக்கோமீட்டர்ல குத்தி பாத்து நம்பர எழுதி வைங்க, 70க்கு கீழன்னா உடனே சக்கரை தண்ணி குடுங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டி டோஸ் கேளுங்க. அப்புறமும் மறதி இருந்தா சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச்-ல நியூராலஜி ஓபி இருக்கு, கூட நீங்களோ அம்மாவோ போங்க, தனியா அனுப்பினா "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு வந்துடுவாரு.